இஸ்லாமியத் தொடர்பியல் மாணவர்களும் ஆங்கில மேடைப்பேச்சும்: மனப்பாடத்துக்கு அப்புறம் என்ன?

ஜோக்ஜா_நானா எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லோருக்கும் வணக்கம்.

நான் இலங்கைக்காரன். இப்போது இந்தோனேசியாவில், யோக்யாகார்த்தாவில் மேற்படிப்பு. இங்குள்ள ஓர் இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் செமஸ்டர் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு மாலை ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் படிப்பது இஸ்லாமியத் தொடர்பும் ஒலிபரப்பும் என்ற துறை. இங்கே சுருக்கமாகக் கா-பே-ஈ என்பார்கள். நாட்டின் அரசு இஸ்லாமியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இந்தத் துறை உண்டு. பயான் என்ற மார்க்கச் சொற்பொழிவுக் கலை, வானொலி, தொலைக்காட்சி, இதழியல், இப்போது யூடியூப் என்று எல்லாம் சேர்ந்த படிப்பு. பாடம் நடப்பது இந்தோனேசிய மொழியில். ஆங்கிலம் ஓர் ஓரத்தில் இருக்கிறது.

வகுப்பில் இரண்டு வகைப் பிள்ளைகள். ஒரு கூட்டம் சாதாரண அரசுப் பள்ளியிலிருந்து வந்தது. அவர்களுக்கு இலக்கணம் ஓரளவு தெரியும், எழுந்து நின்றால் குரல் வராது. மற்றக் கூட்டம் பெசந்திரேன் பிள்ளைகள், அதாவது விடுதியோடு சேர்ந்த மதரஸாவில் ஆறு வருடம் ஓதிவிட்டு வந்தவர்கள். மேடை என்றால் அவர்களுக்குப் பயமே கிடையாது. அங்கே முஹாளரா என்ற வாராந்தரப் பேச்சுப் பயிற்சியில் பதின்மூன்று வயதிலேயே ஏற்றிவிடுவார்களாம்.

என் சிக்கல் இந்த இரண்டாவது கூட்டத்தோடுதான். யார் எழுந்தாலும் முதல் இரண்டு நிமிடம் ஒன்றுதான். மதிப்புக்குரிய நடுவர்களே, ஆசிரியர்களே, அன்பு நண்பர்களே. முதலாவதாக, இந்த இடத்தில் நம்மைக் கூட்டிவைத்த அல்லாஹ்வுக்கு நன்றி. இரண்டாவதாக, நம்மை இருட்டிலிருந்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த நபியவர்கள் மீது ஸலவாத். ஆச்சேயிலிருந்து வந்த பிள்ளையும் லொம்போக்கிலிருந்து வந்த பிள்ளையும் இதே வாக்கியங்களை இதே இலக்கணப் பிழையோடு, இதே இடத்தில் கையை உயர்த்திச் சொல்கிறார்கள். அப்புறம் ஐந்து நிமிடம் மனப்பாடம். நஹ்தலத்துல் உலமா என்ற பெரிய முஸ்லிம் இயக்கத்துக் குடும்பத்துப் பிள்ளையாக இருந்தால் கடைசியில் 'வல்லாஹுல் முவஃபிக் இலா அக்வமித் தரீக்' என்று அரபியில் கணீரென்று முடிப்பார். அருமையாக இருக்கும்.

பிறகு நான் ஒரு கேள்வி கேட்பேன், கஷ்டமானது ஒன்றும் இல்லை. "பொறுமை பற்றிப் பேசினீர்களே, உங்கள் வீட்டில் யார் அதிகம் பொறுமைசாலி?" அவ்வளவுதான். சிங்கம் போல நின்ற பிள்ளை அப்படியே உறைந்துவிடுகிறது.

செமஸ்டர் முடிவில் வெளியாட்களை அழைத்து ஆளுக்கு 7 நிமிடம் பேச வைக்க வேண்டும் என்பது துறையின் ஆசை. இப்படியே விட்டால் எல்லோரும் மனப்பாடம் செய்து கைதட்டு வாங்கிவிடுவார்கள், எனக்கும் நல்ல பெயர் கிடைக்கும். ஆனால் அது பேச்சா? பாடம் நடத்திய அனுபவம் உள்ளவர்கள் யோசனை சொல்லுங்கள்.

ஆங்கில_வாத்தியார் எழுதியது:

வணக்கம் நண்பரே. திருச்சியில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். நீங்கள் சொல்வது எங்கள் ஊர்ப் பேச்சுப் போட்டிகளுக்கும் அப்படியே பொருந்தும், ஸலவாத்துக்குப் பதில் வேறு முன்னுரை, அவ்வளவே.

ஒரு பயிற்சி சொல்கிறேன். கீத் மாரிஸ் என்பவர் 1983 இல் எழுதியது, பால் நேஷன் என்ற மொழிப் பேராசிரியர் பிறகு பரப்பினார். 4-3-2 என்பார்கள். பிள்ளை தனக்குத் தெரிந்த விஷயத்தை ஒரு நண்பருக்கு 4 நிமிடம் சொல்ல வேண்டும். பிறகு ஆளை மாற்றி, அதே விஷயத்தை வேறொருவருக்கு 3 நிமிடத்தில். மூன்றாவது ஆளுக்கு 2 நிமிடத்தில். காகிதம் கிடையாது. கேட்பவர் புதியவர் என்பதால் பேசுபவருக்கு அலுப்பு வராது. விஷயம் ஏற்கெனவே கையில் இருப்பதால் மூளை சொல்லைத் தேடுவதில் மட்டும் உழைக்கும், மூன்றாம் முறை தயக்கம் தெளிவாகக் குறையும். வகுப்பில் பாதிப்பேர் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருப்பதால் யாரும் தன்னை உற்றுப் பார்க்கவில்லை என்ற நிம்மதியும் உண்டு. உங்கள் முதல் கூட்டத்துக்கு, அந்தக் குரல் வராதவர்களுக்கு, இதுதான் மருந்து.

இரண்டாவது கூட்டத்துக்கு டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்ற பேச்சுப் பயிற்சிக் கிளப்புகளில் நடக்கும் திடீர்த் தலைப்பு. 1924 இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய இயக்கம் அது. இன்றும் கூட்டத்துக்குக் கூட்டம் இந்தப் பகுதி உண்டு. தலைப்பைக் கேட்ட கையோடு எழுந்து ஒன்றிலிருந்து இரண்டு நிமிடம் பேச வேண்டும். சிரிப்பும் கும்மாளமுமாகப் போகும். மனப்பாடத்துக்கு இடமே இல்லை.

காயல்காற்று எழுதியது:

வ அலைக்குமுஸ்ஸலாம். அரபிக் கல்லூரியில் ஓதிக்கொடுப்பவன் என்ற முறையில் மனப்பாடத்தின் சார்பாக இரண்டு வார்த்தை.

மனப்பாடத்தை இவ்வளவு மட்டமாகப் பேச வேண்டியதில்லை. குர்ஆனை நெஞ்சில் வைத்திருக்கும் பிள்ளைக்கு வாக்கியத்தின் ஓட்டம் காதில் ஏறியிருக்கும். நல்ல ஆங்கிலப் பத்திகள் இருபதை அவன் மனனம் செய்தால் இருபது வாக்கிய அமைப்புகள் அவன் சொத்து. எங்கள் மாணவர் மன்றத்தில் வியாழக்கிழமை பேசியவர்கள்தான் பின்னால் பள்ளிவாசல் மிம்பர் மேடையில் தடுமாறாமல் நின்றவர்கள்.

இன்னொன்று, இந்தப் பிள்ளைகளின் கையில் ஏற்கெனவே இருக்கும் ஆயுதம் ஆங்கில ஆசிரியர்களின் கண்ணில் படுவதில்லை. தஜ்வீத், அதாவது குர்ஆனை ஒலி பிசகாமல் ஓதும் கலை. ஆங்கிலத்தில் நாக்கு நுனியை மேல்பல்லின் விளிம்பில் வைத்துச் சொல்லும் இரண்டு th ஒலிகள் நம் ஆட்களுக்கு வருவதில்லை, இந்தோனேசியருக்கும் வருவதில்லை. ஆனால் ஸா, தால் என்ற அரபி எழுத்துகளை மக்ரஜோடு, அதாவது ஒலி பிறக்கும் இடம் தவறாமல், ஓதப் பழகிய பிள்ளைக்கு அவை இரண்டும் எப்போதோ வந்துவிட்டன. கீழுதடு மேல்பல்லைத் தொடும் ஃபா வந்துவிட்டது. z ஒலியான ஸாய் வந்துவிட்டது. ஓதும்போது சரியாகச் சொல்பவன் ஆங்கிலம் என்றவுடன் அதை மறந்துவிடுகிறான். "ஓதும்போது சொன்ன அதே இடம்தான், வை" என்று காட்டினால் போதும்.

நேரம் பற்றியும் ஒன்று. தொழுகையை நீட்டுவதும் குத்பா என்ற வெள்ளிக்கிழமை உரையைச் சுருக்குவதும் ஒருவரின் விளக்கத்துக்கு அடையாளம் என்று ஸஹீஹ் முஸ்லிமில் ஹதீஸ் இருக்கிறது. இரண்டு நிமிட முன்னுரைக்கு அந்த ஹதீஸை எடுத்துக் காட்டுங்கள். ஹம்து என்ற இறைப்புகழும் ஸலவாத்தும் அரபியில் இரண்டு வரியில் அழகாக முடியும். அதை மோசமான ஆங்கிலத்தில் இழுப்பானேன்?

ஜோக்ஜா_நானா எழுதியது:

ஹஸ்ரத், தஜ்வீத் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. இங்கே சுந்தா இனத்துப் பிள்ளைகள் ஃபாவைப் பாவாகச் சொல்வார்கள் என்று மற்றவர்கள் கேலி செய்வது வழக்கம். அதே பிள்ளைகள் ஓதும்போது ஃபா சுத்தமாக வருகிறது. நாளைக்கே முயன்று பார்க்கிறேன்.

ஆனால் தஜ்வீத் இன்னொரு பக்கம் இடிக்கிறது என்பது என் அனுபவம். ஒவ்வோர் எழுத்துக்கும் அதன் உரிமையைக் கொடுத்துப் பழகியவர்கள், ஆங்கிலத்திலும் எல்லா அசைக்கும் ஒரே கனம் கொடுக்கிறார்கள். ஆங்கிலக்காரன் ஒரு அசையை அழுத்திவிட்டு மற்றதை விழுங்குகிறானே, அது இவர்களுக்கு அநியாயமாகத் தெரிகிறது.

புதுப்பேனா எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். அடிப்படைக் கேள்வியையே யாரும் கேட்கவில்லையே. ஆங்கிலம் எதற்கு?

ஜைனுத்தீன் எம்.ஸெட். என்ற பேச்சாளர் இந்தோனேசியாவில் இருந்தார், 2011 இல் மறைந்தார். பத்து லட்சம் மக்களின் தாயீ, அதாவது மார்க்க அழைப்பாளர், என்றே பட்டம். ஜகார்த்தாத் தெருமொழி கலந்த இந்தோனேசிய மொழியில் பேசித்தான் கேசட் கேசட்டாக நாடெங்கும் போய்ச் சேர்ந்தார். அங்கே தொலைக்காட்சியில் பெண்கள் கேட்கும் கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிப் பெயர் பெற்ற மாமா டெடே என்ற பெண் பேச்சாளர் என்ன ஆங்கிலத்திலா பேசுகிறார்? எந்தத் தூதரையும் அவருடைய சமூகத்தின் மொழியிலேயே அனுப்பினோம் என்று இப்ராஹீம் சூராவில் இருக்கிறதே.

நம் ஊரிலும் பார்க்கிறேன். நிக்காஹ் மேடையில் பாதி ஆங்கிலம் கலந்து பேசினால் படித்த ஆலிம் என்று பெயர். கேட்டுக்கொண்டிருக்கும் உம்மாமாருக்கு ஒன்றும் புரியாது. தாய்மொழியில் ஒழுங்காக ஒரு வாதத்தை எடுத்து வைக்கத் தெரியாத பிள்ளைக்கு ஆங்கிலத்தில் மேடை எதற்கு? பீடத்துக்கு விளம்பரப் படம் எடுக்கவா?

ஜோக்ஜா_நானா எழுதியது:

புதுப்பேனா, விளம்பரப் படம் என்று சொன்னதில் உண்மை இருக்கிறது, அதை மறுக்கப் போவதில்லை. ஆனால் "எதற்கு" என்ற கேள்விக்கு இந்த நாட்டில் நூறு வருடம் பழைய பதில் ஒன்று உண்டு.

1926 இல் மக்காவில் உலக முஸ்லிம் மாநாடு கூடியது. இந்தோனேசிய முஸ்லிம்கள் சார்பில் யாரை அனுப்புவது என்று சுராபாயாவில் பேசினார்கள். அரபியும் ஆங்கிலமும் இரண்டும் பேசும் ஆள் வேண்டும். அப்படி ஒருவர் அகப்படவில்லை. கடைசியில் ஆங்கிலத்துக்கு சோக்ரோஅமினோட்டோ, அரபிக்கு மாஸ் மன்சூர் என்று இரண்டு பேரை அனுப்பினார்கள். அந்தச் சுராபாயாக் கூட்டத்துக்குப் போய்வந்த ஒருவர் இதை ஊரில் தம்பிகளிடம் சொல்லப்போய்த்தான், இரண்டு மொழியும் பேசும் ஆலிம்களை உருவாக்குவோம் என்ற எண்ணம் பிறந்ததாகக் கொந்தோர் மதரஸா தன் வரலாற்றில் சொல்கிறது. கிழக்கு ஜாவாவில் பொனொரோகோ பக்கம் இருக்கிறது, அதே 1926 இல் மூன்று சகோதரர்கள் தொடங்கியது. இன்று வரை அங்கே வாரத்தில் அரபி, ஆங்கிலம், இந்தோனேசியம் என்று மூன்று மொழியிலும் முஹாளரா நடக்கிறது. பேசப்போகிறவர் முன்கூட்டியே பேச்சை எழுதிக் கொடுத்துத் திருத்தம் வாங்க வேண்டும். நாடு முழுக்கப் பல பெசந்திரேன்கள் இந்த முறையை எடுத்துக்கொண்டன. என் வகுப்பின் சிங்கங்களும் அந்த வழியில் வந்தவர்களே.

இன்னொரு கிளைக்கதை. கொந்தோரில் படித்துக்கொண்டிருந்த காலென் ஓசென் என்ற மாணவர் பணமில்லாமல் பாதியில் நின்றார். கெடிரி பக்கத்தில் பாரே என்ற சின்ன ஊருக்குப் போய் ஒரு கியாயிடம், அதாவது மதரஸா ஆலிமிடம், படித்து, 1977 இல் அங்கே ஆங்கில வகுப்பு ஒன்று தொடங்கினார். இன்று அந்த ஊரையே ஆங்கிலக் கிராமம் என்கிறார்கள். விடுமுறை வந்தால் என் மாணவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு அங்கேதான் ஓடுகிறார்கள். டீக்கடையிலும் சைக்கிள் வாடகைக் கடையிலும் ஆங்கிலத்தில் பேசிப் பார்ப்பார்கள். ஆகவே ஆசை மேலிருந்து திணித்ததல்ல.

தாய்மொழியில் வாதம் செய்யத் தெரியாதவர்கள் என்று எழுதியதை மட்டும் ஏற்கமாட்டேன். இந்தோனேசிய மொழியில் இவர்கள் பிரமாதமாக வாதாடுகிறார்கள். ஆங்கிலத்துக்கு மாறும்போது அந்த அறிவு முழுவதும் பழைய பேச்சுத்தாளுக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. என் கவலை அதுதான்.

கொம்பாக்_மாணவி எழுதியது:

நானா, நான் கோலாலம்பூர் பக்கத்தில் கொம்பாக்கில் சர்வதேச இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் தொடர்பியல் படிக்கிறேன். எங்களுக்குப் பாடமே ஆங்கிலத்தில்தான், 1983 இல் தொடங்கியதிலிருந்து அப்படி. இந்தோனேசியாவிலிருந்து வந்த தோழிகள் நிறைய. அவர்களிடம் நான் பார்த்ததை எழுதுகிறேன்.

முதலில் ஒரு பாராட்டு. மேடைக்கு வருவதில் அவர்களுக்கு ஆண், பெண் என்ற வேறுபாடு இல்லை. கொந்தோருக்கே பெண்கள் வளாகம் 1990 இலிருந்து மன்டிங்கானில் இருக்கிறது, அங்கேயும் இதே முஹாளராதான். என் ஊரில், கிழக்கு மாகாணத்தில், பெண்கள் மதரஸாவில் ஓதிய என் சாச்சி மகள் ஒலிபெருக்கியைத் தொட்டதே இல்லை. ஆகவே நாம் அவர்களுக்கு யோசனை சொல்கிறோமா, அவர்களிடம் கற்றுக்கொள்கிறோமா என்றே எனக்குச் சந்தேகம்.

ஆனால் அந்தத் தோழிகள் ஒரு விஷயம் சொல்வார்கள். விடுதியில் ஆங்கில வாரத்தில் இந்தோனேசிய மொழி வாயில் வந்துவிட்டால் ஜாஸூஸ், அதாவது உளவு பார்க்கும் மாணவி, பெயரை எழுதிக் கொடுத்துவிடுவாள். தண்டனை உண்டு. அதனால் பேசக் கற்றார்கள் என்பது உண்மை. அதே காரணத்தால் பாதுகாப்பான வாக்கியங்களை மட்டும் பேசக் கற்றார்கள் என்பதும் உண்மை. தெரியாத இடத்துக்கு ஆங்கிலத்தில் போனால் மாட்டிக்கொள்வோம் என்ற எண்ணம் உள்ளே தங்கிவிடுகிறது. உங்கள் பிள்ளைகள் கேள்விக்கு உறைவது இதனால்தானோ என்று தோன்றுகிறது. கேள்வி என்பது பாதை தெரியாத இடம்.

எனக்கு அதை உடைத்தது விவாத மன்றம். பிரிட்டிஷ் பாராளுமன்ற முறையில் தலைப்பு கொடுத்து 15 நிமிடம்தான் தருவார்கள். இரண்டிரண்டு பேராக நான்கு அணி, ஆளுக்கு 7 நிமிடம். முதல் நிமிடமும் கடைசி நிமிடமும் தவிர எப்போது வேண்டுமானாலும் எதிர்த் தரப்பு எழுந்து நிற்கும். நாம் அனுமதித்தால் 15 வினாடிக்குள் கேள்வி கேட்கும், பதில் சொல்லிவிட்டுத் தொடர வேண்டும். மனப்பாடம் அங்கே சுத்தமாக எடுபடாது. உலகப் போட்டியில் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகவும் அந்நிய மொழியாகவும் பேசுபவர்களுக்குத் தனித்தனிப் பிரிவே இருக்கிறது. இந்தோனேசியாவில் குர்ஆன் ஓதும் கிராஅத் போட்டியோடு சேர்ந்து, குர்ஆனின் கருத்துகள் பற்றி ஆங்கில விவாதமும் மாணவர்களுக்கு நடக்கிறது என்று கேள்விப்பட்டிருக்கிறேன், உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

காயல்காற்று எழுதியது:

மகளே, நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனாலும் விவாதம் எனக்கு ஒரு பயத்தைத் தருகிறது. தஃவா என்ற மார்க்க அழைப்பைப் படிக்கும் பிள்ளையை "எதிர்த்துப் பேசி ஜெயி" என்று பழக்கினால் அவன் எல்லாரையும் எதிரணியாகப் பார்க்கத் தொடங்குவான்.

தென்னாப்பிரிக்கப் பேச்சாளர் அஹ்மத் தீதாத் அவர்களின் பழைய வீடியோக்களை எங்கள் பிள்ளைகள் இன்றும் பார்க்கிறார்கள். 1986 இல் அமெரிக்காவில் ஸ்வாகர்ட் பாதிரியாரோடு மேடையேறியது எல்லாருக்கும் தெரியும். பிள்ளைகள் அதிலிருந்து எடுத்துக்கொள்வது விரலை நீட்டுவதையும் கூட்டம் சிரித்ததையும் மட்டும்தான். 1918 இல் குஜராத்தில் பிறந்து, ஒன்பது வயதில் தென்னாப்பிரிக்கா போய், ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்ட மனிதர் எத்தனை வருடம் கடையில் வேலை பார்த்துக்கொண்டே படித்துத் தயாரானார் என்பது யார் கண்ணிலும் படாது.

மூஸா அலைஹிஸ்ஸலாம் ஃபிர்அவ்னிடம் போகும்போது கேட்ட துஆவை நாம் மேடையேறும்போதெல்லாம் ஓதுகிறோம். "என் நாவின் முடிச்சை அவிழ்த்துவிடு." அடுத்த வரி, "என் பேச்சை அவர்கள் விளங்கிக்கொள்ள." விளங்கவைப்பதுதான் அங்கே கேட்கப்பட்டது. ஜெயிப்பது அல்ல.

கொம்பாக்_மாணவி எழுதியது:

ஹஸ்ரத், விவாதத்தில் எந்தப் பக்கம் பேசுவது என்பதை நாங்கள் தேர்ந்தெடுப்பதில்லை. சீட்டில் வருவதுதான். எனக்குப் பிடிக்காத பக்கத்துக்காக நான் பேச வேண்டியிருக்கும். அதற்கு அந்தப் பக்கத்துக்காரர் ஏன் அப்படி நினைக்கிறார் என்று முதலில் விளங்கிக்கொண்டாக வேண்டும். நடுவர் மதிப்பெண் கொடுப்பதும் வாதத்தின் எடையைப் பார்த்துத்தான், சத்தம் போட்டால் குறையும். நீங்கள் பயப்படுவது யூடியூப் விவாதத்துக்கு. இது வேறு.

அகீதா, அதாவது மார்க்க நம்பிக்கை, சம்பந்தமான தலைப்பைச் சீட்டில் போட்டால் மட்டும் நானும் உங்கள் பக்கம்தான்.

ஒலிவாங்கி எழுதியது:

இழையை நேற்றிரவு முழுவதும் வாசித்தேன். இலங்கை வானொலி முஸ்லிம் சேவையில் பல காலம் நிகழ்ச்சி செய்தவன். ஆங்கிலத்தில் புலமை இல்லை, ஒலிவாங்கியைக் கொஞ்சம் தெரியும்.

மேடைப்பேச்சு, மேடைப்பேச்சு என்று எல்லோரும் எழுதுகிறீர்கள். இந்தப் பிள்ளைகளின் துறையின் பெயரில் ஒலிபரப்பு இருக்கிறதே. ஒலிபரப்பில் முதல் பாடம், ஆயிரம் பேருக்குப் பேசாதே, அடுப்படியில் வேலை செய்துகொண்டு கேட்கும் ஒருவருக்குப் பேசு என்பது. முஹாளராவில் வளர்ந்த பிள்ளைக்கு இது பெரிய மாற்றம். குரல் இறங்கும், கை கீழே வரும், வாக்கியம் தானாகச் சின்னதாகும். சின்ன வாக்கியத்தில் பிழை குறைவு.

அளவு ஒன்று சொல்கிறேன். ஆங்கிலத்தில் நிதானமாக வாசித்தால் நிமிடத்துக்கு 150 சொல் வரை போகலாம். அப்படியானால் 7 நிமிடத்துக்கு ஆயிரம் சொல்லைத் தாண்டக் கூடாது. அந்நிய மொழியில் பேசுபவர் என்றால் 800 போதும். உங்கள் பிள்ளைகளின் தாளை வாங்கி எண்ணிப் பாருங்கள். நிச்சயம் கூட இருக்கும். மூச்சுவிட இடமில்லாமல் ஓடுபவனைக் கேள்வி கேட்டால் உறையாமல் என்ன செய்வான்?

அப்புறம், நேர்காணல். ஒருவர் நிருபர், ஒருவர் விருந்தினர். கேள்வி எழுதி வைத்துக்கொள்ளலாம், ஆனால் மூன்றில் ஒரு கேள்வியாவது விருந்தினர் சொன்ன பதிலிலிருந்தே பிறக்க வேண்டும். கையிலுள்ள தொலைபேசியில் பதிவு செய்து போட்டுக் கேளுங்கள். கேள்வி கேட்கத் தெரிந்தவனுக்குப் பதில் சொல்வது தானாக வரும். இந்தப் பிள்ளைகள் பத்திரிகைக்கும் போகப் போகிறவர்கள், தொழிலுக்கும் உதவும்.

ஆங்கில_வாத்தியார் எழுதியது:

ஒலிவாங்கி ஐயா சொன்ன சொல் கணக்கை என் வகுப்புச் சுவரில் எழுதிப் போடப் போகிறேன்.

ஜோக்ஜா நண்பருக்கு ஒரு கேள்வி. பயிற்சியெல்லாம் சரி, உங்கள் பிள்ளைகள் ஆங்கிலத்தில் பேச உண்மையான கேட்பாளர் யார்? அறையில் இருப்பவர் எல்லாருக்கும் இந்தோனேசிய மொழி தெரியும். பிறகு எதற்கு ஆங்கிலம் என்று உள்மனம் சொல்லிக்கொண்டே இருக்கும். அது நாடகமாகவே தோன்றும்.

ஜோக்ஜா_நானா எழுதியது:

சில வாரம் கழித்து வருகிறேன். நடந்ததைச் சொல்கிறேன்.

வாத்தியார் சேர் கேட்ட அந்தக் கேள்விதான் எல்லாவற்றையும் திருப்பியது. ஆங்கிலம் தவிர வேறு வழியில்லாத கேட்பாளர் இந்த ஊரில் எங்கே இருக்கிறார் என்று பிள்ளைகளிடமே கேட்டேன். ஒரு மாணவி உடனே "மஸ்ஜித் கெடே" என்றாள். அரண்மனைக்குப் பக்கத்தில், கவுமன் தெருவிலுள்ள பெரிய பள்ளிவாசல். சுல்தான் காலத்தில் 1773 இல் கட்டியது. போரோபுதூர் பௌத்தக் கோயிலைப் பார்க்க வரும் வெள்ளைக்காரர்கள் அரண்மனையையும் பார்த்துவிட்டு இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பார்கள். உள்ளே வரலாமா என்று தயங்கி நிற்பார்கள்.

அவர்களுக்குச் சுற்றிக்காட்டுவது என்று முடிவு. பள்ளிவாசல் நிர்வாகத்திடம் அனுமதி வாங்கி, இரண்டிரண்டு பேராக அனுப்பினேன். பேச்சுத்தாள் கிடையாது. குமிழ் மண்டபம் இல்லாமல் ஏன் மூன்றடுக்குக் கூரை, இந்தப் பெரிய பேரிகை எதற்கு, மவ்லிது மாதத்தில் பள்ளிவாசல் முற்றத்தில் கமெலான் இசை வாசிப்பது இஸ்லாத்தில் கூடுமா, பெண்கள் எங்கே தொழுவார்கள். வருபவர்கள் இதெல்லாம் கேட்பார்கள் என்று பிள்ளைகளுக்கே தெரியும். முஹம்மதியா இயக்கத்தை 1912 இல் தொடங்கிய அஹ்மத் தஹ்லான் இந்தப் பள்ளிவாசலில் குத்பா ஓதும் கதீபாக இருந்தவர், தொழும்போது முன்னோக்கும் கிப்லா திசை சரியில்லை என்று கிளப்பி ஊரில் பெரிய சர்ச்சை ஆனது. அந்தக் கதையை நஹ்தலத்துல் உலமா பையன் ஒருவனும் முஹம்மதியாப் பெண் ஒருத்தியும் சேர்ந்து ஓர் ஆஸ்திரேலியத் தம்பதிக்கு விளக்கி, நடுவில் தங்களுக்குள்ளேயே இந்தோனேசிய மொழியில் சண்டை போட்டு, திரும்ப ஆங்கிலத்துக்கு வந்தார்கள். இலக்கணம் படுமோசம். தம்பதிக்கு எல்லாம் புரிந்தது, கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகள் இங்கே முந்திக்கொண்டார்கள் என்பது நான் எதிர்பார்க்காதது. மேடை இல்லை, நடுவர் இல்லை, பக்கத்தில் நடந்துகொண்டே பேசுவது என்பதால் குரல் வந்துவிட்டது. சிங்கங்களில் இருவர் வெளிநாட்டவரைப் பார்த்ததும் "முதலாவதாக அல்லாஹ்வுக்கு நன்றி" என்று தொடங்கிவிட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

4-3-2 நன்றாக ஓடுகிறது. நேர்காணல் பதிவும் அப்படித்தான். தஜ்வீத் வழி ஒலி திருத்தியதில் பிள்ளைகளுக்கு ஏகப்பட்ட குஷி ஹஸ்ரத், "எங்களுக்கு ஏற்கெனவே தெரியும்" என்ற தெம்பு. அசை அழுத்தம் இன்னும் சரிவரவில்லை. விவாதம் ஒரே ஒரு முறை நடத்தினேன், நாலு பேர் பேசினார்கள், மற்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். 15 நிமிடத் தயாரிப்பு இவர்களுக்கு இப்போதைக்கு மிகக் குறைவு. அடுத்த செமஸ்டருக்கு வைத்திருக்கிறேன்.

துறை மட்டும் மசியவில்லை. இறுதி விழாவில் ஆளுக்கு 7 நிமிடப் பேச்சு, அழைப்பிதழ் அடித்தாயிற்று என்கிறார்கள். கேள்வி நேரம் வைக்கலாமா என்றால் "பிள்ளைகள் தடுமாறினால் விருந்தினர் முன் அசிங்கம்" என்றார் ஒருவர்.

புதுப்பேனா எழுதியது:

பள்ளிவாசல் சுற்றிக்காட்டுவதற்கு ஆங்கிலம் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். விழா பற்றி நான் முதலில் எழுதியதை நீங்களே நிரூபித்துவிட்டீர்கள். :)

கொம்பாக்_மாணவி எழுதியது:

நானா, 7 நிமிடத்தை 5 ஆக்கிவிட்டு மீதி 2 நிமிடத்தைக் கேள்விக்கு ஒதுக்கச் சொல்லிப் பாருங்கள். மொத்த நேரம் மாறாது, அழைப்பிதழும் மாறாது. முதல் கேள்வியைச் சக மாணவர் கேட்கட்டும். விருந்தினர் கேள்வி விருப்பப்படி. இதற்கும் ஒத்துக்கொள்ளவில்லையென்றால் மதிப்பெண் உங்கள் கையில்தானே, பள்ளிவாசலில் பேசியதற்குப் பாதி, நேர்காணலுக்குக் கால்வாசி, மேடைக்குக் கால்வாசி என்று பிரித்துவிடுங்கள்.

ஒலிவாங்கி எழுதியது:

தங்கச்சி சொன்னது நல்ல வழி. கூடவே ஒன்று. பள்ளிவாசல் பேச்சுகளைப் பதிவு செய்தீர்களா? சத்தத்தை மட்டும் வெட்டி ஒட்டிப் பத்து நிமிட ஆங்கில நிகழ்ச்சியாக்கிப் பல்கலைக்கழக வானொலியில் போடலாம். விருந்தினருக்கு விழா அன்று அதையும் ஒலிக்கவிடுங்கள். துறைக்கு விளம்பரமும் ஆயிற்று.

ஜோக்ஜா_நானா எழுதியது:

பதிவு இருக்கிறது ஒலிவாங்கி நானா, நிறைய இருக்கிறது. காற்றுச் சத்தமும் பாங்கும் கலந்து கிடக்கிறது. வெட்டி ஒட்ட இலவச மென்பொருள் எது நல்லது என்று சொல்லுங்கள், பிள்ளைகளிடமே கொடுத்துவிடுகிறேன். 5 கூட்டல் 2 யோசனையைத் திங்கட்கிழமை துறையில் பேசுகிறேன்.

ஒலிவாங்கி எழுதியது:

ஆடாசிட்டி போதும். பாங்கு ஒலிக்கும் இடத்தை வெட்டவேண்டாம், அது முடியும் வரை பேச்சை நிறுத்திவிட்டுப் பிறகு தொடர்ந்திருந்தால் அப்படியே விடுங்கள். அதற்கு மேலேயே பேசியிருந்தால் அந்தத் துண்டைத் தூக்கிவிடுங்கள்.